240 கிலோமீட்டர் நடக்க எவ்வளவு செலவாகும்? தொரப்பள்ளிக்காரர் போன பாதையில் ஒரு பட்ஜெட்

பனிமலை, முதுகுல பெரிய பை, பின்னாடி ஒரு மெலடி பாட்டு. இந்த ரீல்ஸை இந்த வாரம் நீங்களும் பார்த்திருப்பீங்க. பார்த்த கையோட "வாழ்க்கைல ஒரு தடவையாவது போயிடணும்"னு நண்பருக்கு அனுப்பியும் இருப்பீங்க. தப்பில்ல. ஆனா அடுத்து வர்ற வேலைதான் நம்ம டிபார்ட்மெண்ட்: பேக்கேஜ், டெல்லி வரை டிக்கெட், ஷூ, ஜாக்கெட் எல்லாம் சேர்த்தா 30,000 ரூபாயைச் சுலபமாத் தாண்டிடும். கையில இல்ல, கார்டுல தேய்ச்சுடலாம்னு தோணும்.

தேய்ச்சா என்ன ஆகும்? மாசம் மூன்றரை சதவீத வட்டின்னு வெச்சுக்குவோம். 30,000-க்கு முதல் மாச வட்டி 1,050. அதுக்கு மேல 18 சதவீத ஜிஎஸ்டி 189. மொத்தம் 1,239. நீங்க மினிமம் டியூ 1,500 கட்டினா, அசல்ல குறையுறது 261 ரூபாய். மலை இறங்கி வந்து ஒரு வருஷம் ஆனாலும் அந்தக் கடன் பாதி வழிகூட இறங்காது.

சரி, நெடுந்தூரம் நடக்கணும்ங்கிற ஆசையை என்ன பண்றது? அதுக்குத்தான் இந்தக் கட்டுரை. நீங்க ஓசூர் சிப்காட்லயோ, கிருஷ்ணகிரி பக்கத்துப் புது ஃபேக்டரிகள்லயோ வேலை பார்க்கிறவரா இருந்தா, இந்தியாவோட புகழ்பெற்ற நெடுநடைகள்ல ஒண்ணை நடத்தின மனுஷன் ஓசூர்ல இருந்து ஏறக்குறைய 10 கிலோமீட்டர்ல பிறந்தவர். ஊர் தொரப்பள்ளி. ஆள் ராஜாஜி. பிறந்தது 1878 டிசம்பர் 10. அப்பா அந்த ஊர் முன்சீப். பையன் படிச்சது ஓசூர் அரசுப் பள்ளியில. பிறந்த வீடு இப்போ அரசு நினைவு இல்லம். பெங்களூர் போற அவசரத்துல அந்தப் போர்டைப் பல தடவை தாண்டியிருப்பீங்க.

ராஜாஜியோட அரசியல் உங்களுக்குப் பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம். அது இங்க விஷயமில்ல. 1930-ல் அவர் நடத்திய 15 நாள் நடைக்கு யார், என்ன விலை கொடுத்தாங்க என்பதுதான் நம்ம கணக்கு.

எதுக்காக நடந்தாங்க: ஒரு டாக்ஸ் கதை

அன்றைக்கு உப்பு மேல வரி இருந்தது. 82 பவுண்டு, அதாவது சுமார் 37 கிலோ உப்புக்கு 1 ரூபாய் 4 அணா. கேட்கக் குறைவாத் தெரியும். 1930 மார்ச்சில் காந்தி வைஸ்ராய் இர்வினுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு ஒப்பீடு போட்டார்: வைஸ்ராய் சம்பளம் மாதம் 21,000 ரூபாய், அதாவது நாளுக்கு 700-க்கு மேல். சராசரி இந்தியரின் வருமானம் நாளுக்கு 2 அணாவுக்கும் கீழே. இப்போ நாம கணக்குப் போடலாம். 1 ரூபாய் 4 அணா என்பது 20 அணா. 2 அணா சம்பாதிக்கிறவருக்கு அது 10 நாள் வருமானம். வைஸ்ராய்க்கு? மூணு நிமிஷ சம்பளம்கூட இல்ல.

மறைமுக வரின்னா என்னன்னு யாராவது கேட்டா இந்த உதாரணத்தைச் சொல்லுங்க. ரெண்டு பேரும் அதே உப்பைத்தான் வாங்குறாங்க, அதே வரியைத்தான் கட்டுறாங்க. (சின்ன இடைச்செருகல்: உப்பு வரிக்கு எதிரா நடந்த இதே ராஜாஜி, மதராஸ் மாகாணப் பிரதமரா இருந்தப்போ மதுவிலக்கால் போன வருமானத்தை ஈடுகட்ட 1939-ல் பொது விற்பனை வரி கொண்டு வந்தார். இன்றைய ஜிஎஸ்டிக்கு அதுதான் தாத்தா முறை. உப்புக்கு மட்டும் இன்னைக்கு ஜிஎஸ்டி பூஜ்யம்.)

காந்தி சபர்மதியில் இருந்து தண்டிக்கு மார்ச் 12-ம் தேதி கிளம்பினார். 24 நாள், 385 கிலோமீட்டர். அந்த நடையில நம்மள மாதிரி ஆட்களுக்கு ரொம்பப் பிடிக்கும் ஒரு நாள் உண்டு: மார்ச் 29, சூரத் மாவட்டத்தில் பட்காம் என்ற ஊர். வழியில் தொண்டர்களுக்காக சூரத்தில் இருந்து லாரியில் பால் வருகிறது. ராத்திரி நடைக்கு ஒரு கூலித் தொழிலாளி கனமான விளக்கைத் தலையில் தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமா வருகிறார். இதையெல்லாம் கவனித்த காந்தி அன்று மாலைக் கூட்டத்தில் தன் ஆட்களையும் தன்னையும் சேர்த்தே வெளுத்து வாங்கினார். வைஸ்ராய் சம்பளத்தைக் கேள்வி கேட்கிறவங்க இப்படிச் செலவு பண்ண உரிமை இல்லை என்பது அவர் வாதம். மாசக் கடைசியில ஸ்டேட்மெண்ட்டைத் திறந்து பார்க்கிற பழக்கம் எல்லாம் நமக்கே வரலை. அவர் நடுவழியில் ஊர் முன்னாடி திறந்து பார்த்தார்.

திருச்சி டு வேதாரண்யம்

ராஜாஜியின் நடை 1930 ஏப்ரல் 13 அதிகாலை தொடங்கியது. ஜாலியன்வாலா பாக் நடந்து சரியாக 11 வருஷம். இடம் திருச்சியில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீடு. கூட வந்தவர்கள் சுமார் நூறு பேர். ராஜாஜிக்கு வயசு 51. வழி, தஞ்சாவூர், கும்பகோணம், வலங்கைமான், நீடாமங்கலம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, கடைசியாக வேதாரண்யம். சுமார் 150 மைல், நம்ம கணக்கில் 240 கிலோமீட்டர். 15 நாள்னா நாளுக்கு 16 கிலோமீட்டர். நடக்கும்போது பாட நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை ஒரு பாட்டே எழுதிக் கொடுத்தார். சித்திரை வெயில்ல நடந்தாங்க, அதை மட்டும் நீங்க காப்பி அடிக்காதீங்க.

தஞ்சாவூர் மாவட்டக் கலெக்டர் அப்போ ஜே.ஏ. தார்ன். நடக்கிறவங்களை வழியிலேயே பிடிச்சா கூட்டம் கூடும், பேர் கிடைக்கும். அதனால அவர் வேற இடத்தில் கை வைத்தார். இவங்களுக்குச் சோறு போட்டாலோ தங்க இடம் கொடுத்தாலோ 6 மாதம் ஜெயில், அபராதம் என்று உத்தரவு போட்டு ஊர் ஊராகப் பரப்பினார். யோசிச்சுப் பாருங்க, புத்திசாலித்தனமான உத்தரவு. நூறு பேரை நிறுத்த வேண்டாம், அவங்க சாப்பாட்டை நிறுத்தினால் போதும். நடை தானா நின்னுடும்.

நிற்கலை. தொண்டர்கள் வருகிற சாலையில் புளியமரங்களின் கிளைகளில் சோற்றுப் பொட்டலங்கள் தொங்கின. யார் கட்டினது? யாருக்கும் தெரியாது. ஆற்றங்கரையில் உட்கார்ந்தால், சாப்பாட்டுப் பாத்திரத்தைப் புதைத்து வைத்திருக்கும் இடத்துக்கு ஏதாவது ஒரு அடையாளம் இருக்கும். சோறு கொடுக்கக் கூடாதுன்னுதானே உத்தரவு? மரம் கொடுத்தா யாரை ஜெயில்ல போடுறது?

ஆனா ஒளியாமல் கொடுத்தவங்களும் இருந்தாங்க. கும்பகோணத்தில் பந்துலு ஐயர் தொண்டர்களை வெளிப்படையாகவே வீட்டுக்கு அழைத்து உபசரித்தார். கைது செய்யப்பட்டு சிறை போனார். வேதாரண்யத்தில் எல்லாருக்கும் இடம் கொடுத்தவர் வேதரத்தினம் பிள்ளை. உப்புத் தொழிலில் இருந்தவர், அதாவது அரசாங்கத்தைப் பகைத்தால் தன் பிழைப்பே போகும்னு தெரிஞ்சவர். சிறைக்கும் போனார், சொத்தும் பறிமுதல் ஆனது. வைரப்பன் என்ற முடிதிருத்தும் தொழிலாளியின் கதையை அந்த ஊரில் இன்னைக்கும் சொல்வாங்க: பாதி சவரத்தில் எதிரே இருப்பது போலீஸ்காரர் என்று தெரிந்ததும் கத்தியை மடக்கிவிட்டார். மீதியை முடிக்கச் சொல்லியும் கேட்கலை. அவருக்கும் ஜெயில். ஒரு நாள் கூலி போனா அடுப்பு எரியாத வேலை அது.

ஏப்ரல் 30-ம் தேதி அகஸ்தியம்பள்ளியில் ராஜாஜி சின்னக் குழுவோடு உப்பு அள்ளினார், கைதானார், 6 மாதம் தண்டனை. பிறகு அதே வேதாரண்யத்தில் ருக்மிணி லட்சுமிபதி கைதானார். உப்பு சத்தியாகிரகத்தில் சிறை சென்ற முதல் பெண் என்று அவரைச் சொல்வார்கள்.

பாடப் புத்தகம் நடந்தவங்க பேரைச் சொல்லும். கணக்குப் புத்தகம் எழுதினா, பெரிய தொகை எல்லாம் வழியில் சோறு போட்டவங்க பேரில் தான் வரும். அமெரிக்காவில் அப்பலாச்சியன் டிரெயில்னு ஒரு பாதை, ஜார்ஜியாவில் இருந்து மெய்ன் வரை ஏறக்குறைய 3,500 கிலோமீட்டர். அங்கே முன்பின் தெரியாதவர்கள் பாதையோரம் வைத்துவிட்டுப் போகும் தின்பண்டம், குளிர்பானத்துக்கு 'டிரெயில் மேஜிக்'னு பேர். வீடியோக்கள்ல பார்த்து "அடடா"ன்னு உருகுவோம். நம்ம தஞ்சாவூர் ஜில்லாவில் 1930-ல் அந்த மேஜிக்கோட விலை 6 மாதம் ஜெயில்.

இப்போ உங்க பட்ஜெட்

முதல்ல ஒரு உண்மை. இது அம்புக்குறி போட்ட ஹைக்கிங் பாதை இல்ல. சாதாரண ரோடு. வருஷா வருஷம் ஏப்ரலில் நினைவு நடைப்பயணம் நடக்கிறது. தனியா போனா உங்க வழியை நீங்கதான் பார்த்துக்கணும். ஹைவேயை விட்டு ஆற்றங்கரை, வாய்க்கால் கரை ரோடுகளைப் பிடிச்சா நல்லது. போக நல்ல காலம் ஜனவரி கடைசி, பிப்ரவரி. மழை முடிஞ்சிருக்கும், வெயில் ஏறியிருக்காது, சம்பா அறுவடை நடந்துட்டிருக்கும். பாதி ரோட்டை நெல் காயப்போட்டு அடைச்சிருப்பாங்க. மிதிக்காம ஓரமா போங்க. அந்த நெல்தான் அவங்க வருஷச் சம்பளம்.

ஒரு நாள் எப்படி ஓடும்? அஞ்சரைக்கு எழுந்து, வெளிச்சம் வந்ததும் 8 கிலோமீட்டர். மணி ஒன்பதுக்குள்ள முடிஞ்சிடும். இட்லி. அப்புறம் கோயில் மண்டபமோ, மரத்தடியோ, தூங்குங்க. சாயங்காலம் நாலு மணிக்கு மேல இன்னொரு 8 கிலோமீட்டர். கேட்க ஈஸி. மூணாவது நாள் சுண்டுவிரல் பக்கத்துல கொப்புளம் வரும்போதுதான் தெரியும், புது ஷூ வாங்கி நேரா நடைக்குப் போடக் கூடாதுன்னு. பழகின ஷூவே போதும். பையில் ஆறு கிலோவுக்கு மேல வேண்டாம். தேவையில்லாத சாமானுக்குக் கடையில ஒரு தடவை காசு கொடுக்கிறோம், ரோட்டுல பதினஞ்சு நாள் தோள் கொடுக்குது.

டீக்கடையில முதல் கேள்வி எப்பவும் ஒண்ணுதான்: "தம்பி, வேளாங்கண்ணிக்கா, பழனிக்கா?" அந்த ஊர்க்காரங்களுக்கு நடந்து போறவங்க புதுசில்ல. தைப்பூசத்துக்குப் பழனி, செப்டம்பர் திருவிழாவுக்கு வேளாங்கண்ணின்னு தலைமுறையா நடக்கிறாங்க. "இல்லண்ணே, சும்மா வேதாரண்யம் வரைக்கும்"னு சொல்லிப் பாருங்க. ஒரு அமைதி. அப்புறம் "சும்மாவா?". ராஜாஜி போன பாதைன்னு சொன்னா பெஞ்சுல இருக்கிற பெரியவர் ஒருத்தர் நிமிர்வார். அவருக்கு ஒரு கதை இருக்கும். உண்மையான்னு சரிபார்க்க முடியாது. உட்கார்ந்து கேளுங்க, இன்னொரு டீ 15 ரூபாய்தான்.

நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்புல நின்னு வெண்ணாறு பிரியறதைப் பாருங்க. திருத்துறைப்பூண்டி தாண்டினதும் பச்சை குறையும், காத்துல உப்பு தெரியும். அந்தக் கடைசி ரெண்டு நாள் நிழல் கம்மி, தண்ணி கூடுதலா எடுத்துக்கோங்க.

செலவு. இது என் மதிப்பீடு, நீங்க கூட்டிக் குறைச்சுக்கலாம். சாப்பாடு நாளுக்கு 300 வீதம் 4,500. பதினாலு ராத்திரியில் ஏழு ராத்திரி லாட்ஜ், ரெண்டு பேர் பகிர்ந்தா தலைக்கு 500 வீதம் 3,500. மீதி ஏழு ராத்திரி சத்திரம், மடம், தெரிஞ்சவங்க வீடு. அதுக்கும் 200 வீதம் 1,400 ஒதுக்குங்க, ஏன்னு கீழே சொல்றேன். ஓசூர்ல இருந்து திருச்சி, திரும்ப வேதாரண்யத்துல இருந்து ஓசூர், பஸ்ஸுக்கு 1,000. சாக்ஸ், பிளாஸ்திரி, ஓஆர்எஸ் 800. கூட்டினா 11,200. மாசம் 1,400 வீதம் எட்டு மாச ஆர்.டி. போட்டா அசலே வந்துடும், வட்டி டீக்கு. கார்டைத் தொட வேண்டாம்.

ஆனா பெரிய செலவு இந்தப் பட்டியல்லயே இல்ல. அது லீவு. ஞாயிற்றுக்கிழமை கிளம்பி 15-வது நாள் ஞாயிற்றுக்கிழமை முடிச்சா நடுவுல 12 வேலை நாள். ஃபேக்டரியில 20 நாள் வேலைக்கு 1 நாள் ஈ.எல். அப்போ 240 நாள் உழைச்சு சேர்த்த 12 நாளும் ஒரே நடையில காலி. அதுக்கப்புறம் அம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னு போன் வந்தா எல்.ஓ.பி.தான். கையில 18,000 வாங்குறவருக்கு 26 நாள் கணக்குல ஒரு நாள் 692 ரூபாய். 12 நாள்னா 8,300-ஐத் தாண்டும். நீங்க கான்ட்ராக்ட்ல இருந்தா, லீவு கேட்டதுக்கே அடுத்த மாசம் கேட் பாஸ் புதுப்பிக்கலைன்னு ஆகிற இடங்களும் இருக்கு. அந்த ரிஸ்க்குக்கு நான் விலை போட முடியாது. உங்க சூப்பர்வைசரை உங்களுக்குத்தான் தெரியும்.

அதனால என் ஓட்டு, துண்டு துண்டா நடங்க. திருச்சி, தஞ்சாவூர் 55 கிலோமீட்டர் சொச்சம், அதை ஒரு மூணு, நாலு நாள் லீவு விடுமுறையில. தஞ்சாவூர், கும்பகோணம் 40 கிலோமீட்டர் இன்னொரு லாங் வீக்கெண்ட்ல. விட்ட இடத்துல இருந்து அடுத்த தடவை. ரெண்டு வருஷம் ஆகட்டுமே. பஸ் செலவு கூடும், அப்பவும் ஈ.எல். பாதி மிஞ்சும். வெளிநாட்டு நெடும்பாதைகள்லயும் நிறையப் பேர் இப்படித்தான் முடிக்கிறாங்க, ரீல்ஸ்ல அது வராது.

இப்போ அந்த 1,400. வழியில யாராவது திண்ணையில படுக்கச் சொல்வாங்க, இலை போடுவாங்க. "ஃப்ரீயா தங்கினேன், ஃப்ரீயா சாப்பிட்டேன்"னு பெருமையா வீடியோ போடுறதைப் பார்க்கிறேன், எனக்கு அது ஒட்டலை. அந்த வீட்டுல கூடுதலா வெந்த அரிசிக்கு யாரோ காசு கொடுத்திருக்காங்க, அவங்க வருமானம் பெரும்பாலும் உங்களதை விடக் கம்மி. அதுக்காக சாப்பிட்டு எழுந்ததும் பர்ஸை நீட்டாதீங்க, மனசு கஷ்டப்படும். கிளம்புற முன்னாடி பழமோ, பிள்ளைங்களுக்கு பிஸ்கட்டோ வாங்கிட்டு வந்து "வெச்சுக்கோங்கக்கா"ன்னு கொடுங்க. சத்திரம், கோயில்னா உண்டியல். சின்னக் கடைகள்ல யூபிஐ மக்கர் பண்ணும், பத்து, இருபது ரூபாய் நோட்டா ஐந்நூறு ரூபாய் தனியா வெச்சுக்கோங்க.

ஒத்திகைக்கு செலவே இல்ல. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓசூர்ல இருந்து தொரப்பள்ளிக்கு நடந்து போங்க, நினைவு இல்லத்தைப் பாருங்க, திரும்பி நடங்க. போக வர 20 கிலோமீட்டர் பக்கம், அன்றைய தொண்டர்களோட ஒரு நாள் அளவை விடக் கொஞ்சம் கூடுதல். சானமாவு காட்டுப் பக்கம் யானை நடமாட்டம் இருக்கிற மாசங்கள்ல வனத்துறை அறிவிப்பைப் பார்த்துட்டு, நல்லா விடிஞ்ச பிறகு மட்டும் கிளம்புங்க. திங்கட்கிழமை லைன்ல எட்டு மணி நேரம் நிக்க முடியுதான்னு பாருங்க. முடியலைன்னா திருச்சிக்கு இன்னும் டிக்கெட் போடாதீங்க.

முழுசா 15 நாளும் ஒரே மூச்சுல போறவங்களுக்கு ஒண்ணு. அகஸ்தியம்பள்ளி ஸ்தூபிகிட்ட போட்டோ எடுத்து முடிக்கும்போது ஞாயிறு மதியம் ஆகிடும். வேதாரண்யத்துல இருந்து ஓசூர் ஒரு முழு ராத்திரிப் பயணம், இடையில பஸ் மாறணும். அந்தக் காலோட திங்கள் ஃபர்ஸ்ட் ஷிப்ட் நடக்காது. லீவு எழுதிக் கொடுக்கும்போதே செகண்ட் ஷிப்ட் மாத்தி வாங்கிடுங்க.